பாலத்தில் ஒட்டிய கண்ணாடி

மே 17

ஒருவாறு வந்து சேர்ந்துவிட்டேன். பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி இடுப்புக் கழன்றுவிட்டது. வெசாக் பண்டிகை முடிந்தும் விகாரை வாசலில் கடதாசி விளக்குக் கூடுகள் இன்னும் தொங்குகின்றன. மழையில் சாயம் வழிந்து எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. எனக்குத் தந்த அறை தானசாலைக்குப் பின்னால். ஒரு கட்டில், ஒரு மேசை, வீட்டுக்காரன் போலப் பார்க்கிற ஒரு பல்லி.

வந்த அலுவல் இதுதான். விகாரைக்கு முன்னால் ஓடும் ஆற்றின்மேல் பழைய கற்பாலம் ஒன்று இருக்கிறது. அதைத் தாங்கும் கல் உத்தரங்களில் ஒன்றில் வெடிப்பு. வருகிற பொசன் பௌர்ணமியன்று புத்தரின் தாதுப் பேழையைச் சுமந்த யானை அந்தப் பாலத்தால் நடந்து விகாரைக்குள் வரவேண்டும். மூன்று வருடமாகப் பெரஹெர, அந்த ஊர்வலம், நடக்கவில்லை. இந்த வருடம் நடந்தே தீரும் என்று ஊர் ஒற்றைக்காலில் நிற்கிறது. யானை ஏறலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவள் நான். ஏறலாம் என்று சொல்லி உத்தரம் விட்டுப்போனால் யானையும் பாகனும் பக்கத்தில் வருகிற சனமும் கீழே பாறையில்தான்.

எங்கள் தொல்பொருள் திணைக்களத்தில் வேறு ஒருவரும் இந்த வேலைக்குக் கையைத் தூக்கவில்லை. ஓய்வுபெறும் வயதில் எனக்கு ஏன் இது என்று கேட்டார்கள். யாராவது வரத்தானே வேண்டும்.

வீட்டுக்குப் போன் எடுத்தேன். புனிதம் மச்சாள்தான் கதைத்தார். என் கணவர், இவருடைய தமக்கை. நான் இல்லாத நாட்களில் நோயாளியான இவரைப் பார்த்துக்கொள்ள வந்து நிற்கிறார்.

"மத்தியானம் வடிவாச் சாப்பிட்டவர். இப்பதான் கண்ணயர்ந்தவர். நீர் ஒண்டுக்கும் யோசியாமல் வேலையைப் பாரும்."

நாளைக் காலையில் ஒருவருக்கும் மாத்திரை எடுத்து வைக்கத் தேவையில்லை. விடிந்த பிறகும் படுத்திருக்கப் போகிறேன்.

மே 19

பாலத்தை முழுதாகப் பார்த்தேன். வந்த களைப்புக்கும் இது பரவாயில்லை என்று தோன்றியது. கைப்பிடிச் சுவரில் கொடியும் அன்னமும். ஏறும் இடத்தில் அரைவட்டக் கல், அதன் இருபக்கமும் நாகங்கள். ஆனால் என் கண் போனது கீழே. ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு குள்ளப் பூதத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு கையாலும் உத்தரத்தைத் தூக்கிப் பிடித்தபடி. ஒருத்தன் முகம் போல மற்றவன் முகம் இல்லை. ஒருவன் பல்லைக் கடிக்கிறான். ஒருவனுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு. இன்னொருவன் கையைச் சும்மா பேருக்கு வைத்துவிட்டு வேறெங்கோ பார்க்கிறான்.

"இவர்தாங்க கங்காணி. வேலை மத்தவங்களுக்கு, பேரு இவருக்கு" என்றான் மருதை. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எனக்கு உதவிக்கு வந்திருக்கும் மேசன். வேலை செய்கிற நேரத்தைவிடப் பேசுகிற நேரம் கூட.

வெடித்த உத்தரத்துக்குக் கீழே இருப்பவன் சிரிக்கவுமில்லை, பல்லைக் கடிக்கவுமில்லை. கண் பாதி மூடியிருக்கிறது. தூக்குகிறான், அவ்வளவுதான். அவனைப் பார்த்தபடி கனநேரம் நின்றேன். மருதை அவனுக்கு ஒரு பெயரும் வைக்கவில்லை.

அந்த உத்தரத்தின் மேல்முகம்தான் சுவரோரம் நடைபாதையும்; அங்கே தெரியும் வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டுவித்தேன். இரண்டு முனையிலும் வெள்ளைச் சாந்துப் பவுடரைக் குழைத்து அப்பினால் கல்லோடு கல்லாய்ப் பிடித்துவிடும். வெடிப்பு ஒரு மயிரளவு விரிந்தாலும் கண்ணாடி உடையும். உடையாமல் இருந்தால் கல் அசையவில்லை. பெரிய பெரிய கருவிகள் திணைக்களத்தில் படிவத்தில் மட்டும் இருக்கின்றன. இது என் கையில் இருக்கிறது.

நாங்கள் ஒட்டுவதைப் பியசீலி அம்மா விளக்குமாற்றோடு நின்று பார்த்தார். விகாரை முற்றத்தையும் பாலத்தையும் விடியப்புறம் கூட்டுகிறவர். தோட்டத்து ஆட்களோடு பழகி நல்ல தமிழ் கதைக்கிறார். வெள்ளைச் சேலை, முன்பல் இரண்டு இல்லை.

"இது என்னாத்துக்கு நோனா?"

"பாலத்துக்கு வருத்தம் அம்மா. நாடி பார்க்கிறேன்."

தலையைத் தலையை ஆட்டினார். விளங்கியதோ என்னவோ.

மே 20

மழை. கண்ணாடி உடையவில்லை.

மே 23

மழை. கண்ணாடி உடையவில்லை. துண்டுகளில் திகதி எழுதி வைப்பது என் வழக்கம். இந்த மழையில் எந்த மையும் நிற்கவில்லை. இரண்டு தரம் எழுதினேன், இரண்டு தரமும் கழுவிக்கொண்டு போய்விட்டது. விட்டுவிட்டேன். உடைந்ததா உடையவில்லையா என்று பார்க்கத் திகதி எதற்கு.

பின்னேரம் மச்சாளின் கைப்போனுக்கு எடுத்தேன். இவர் நித்திரை. மச்சாள் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார் போல. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் வண்டிச் சில்லு உருளுவதும் கேட்டது. காது மந்தமாகிவிட்டது அவருக்கும், பாவம்.

மே 27

மருதையோடு சண்டை. விகாரையின் மணிக்கூடத்தில் வைத்திருந்த கண்ணாடிக் கட்டு மெலிந்திருக்கிறது. சாந்துப் பவுடரும் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. வீட்டுச் சாமிப்படத்துக்குச் சட்டம் போட எடுத்தாயா என்று கேட்டேன்.

"ஐயோ மேடம், சத்தியமா நான் எடுக்கலங்க. இத்தூனூண்டு கண்ணாடியில எந்தச் சாமிய வைக்கிறது? கால் கட்டைவிரலத்தான் வைக்கலாம்."

சிரிப்பு வந்தது. ஆனாலும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன். அரைநாள் அவன் என்னோடு பேசவில்லை. அவன் பேசாத பாலம் பெரிய வெறுமையாக இருந்தது.

மே 31

யானையைக் கூட்டி வந்து காட்டினார்கள். மல்பண்டா என்று பெயர். தந்தம் இரண்டும் முன்னால் வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கின்றன. பாலத்தடியில் நிறுத்தினார்கள். அது பாலத்தைப் பார்க்கவே இல்லை. பெரஹெரக் குழுச் செயலாளர் திலகசிறி முதலாளி வாங்கி வந்த வாழைக்குலையில்தான் கண்.

முதலாளி எனக்குத் தேத்தண்ணீர் தந்தார். பேழை பாலத்தால் வராத வருடங்களில் ஊருக்குள் என்னென்ன கெட்டது நடந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு பக்கத்தில் நின்றவரிடம் சிங்களத்தில், "இந்தத் தமிழ் நோனாவுக்கு எங்கள் பெரஹெர நடந்தால் என்ன, நின்றால் என்ன" என்றார். முப்பது வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவளுக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்திருக்கிறார். தேத்தண்ணீர் நன்றாக இருப்பதாகச் சிங்களத்திலேயே சொன்னேன். மனிதர் அதற்குப் பிறகு வாழைக்குலையை விட்டு நகரவில்லை.

கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் உடம்பு வேண்டும்.

ஜூன் 4

ஆறு கலங்கி ஏறுகிறது. குள்ளன்களுக்கு முழங்கால் வரை தண்ணீர். குடையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கண்ணாடி எல்லாம் முழுசாக, மழையில் கழுவிப் பளபளவென்று இருக்கின்றன. சாந்து நேற்றுப் பூசியதுபோல வெள்ளை வெளேரென்று. மருதையின் கைவேலை நல்லதுதான். அவனிடம் சொன்னேன். அவனுக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

பாலத்தால் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள். வெடிப்புள்ள இடத்தில் நின்று, சுவருக்கு மேலால் குனிந்து, கண் பாதி மூடிய குள்ளனின் தலையில் பூ வைக்கிறார்கள். அந்த வெடிப்பில் வந்து நிற்காதவர்களே இல்லை. இத்தனை பேருக்குள் ஏன் அவனுக்கு மட்டும் என்று பியசீலி அம்மாவைக் கேட்டேன்.

"அவருக்குத்தானே நோனா பாரம் கூட."

ஜூன் 6

இவரோடு கதைத்தேன். வந்த பிறகு முதல் தரம். குரல் தூரத்தில் கேட்டது.

"எனக்கென்ன, ராசா மாதிரி இருக்கிறன். யானைக்கு என்ன சொன்னனீர்?"

"இன்னும் சொல்லேல்லை."

"அவசரப்படாதையும். அவசரப்பட்டு இஞ்ச வரவும் தேவையில்லை."

உடனே மச்சாள் போனை வாங்கிவிட்டார். எனக்குப் பெரிய ஆறுதல். அதை நினைத்துக்கொண்டே துணி துவைத்தேன். காயத்தான் வெயில் இல்லை.

ஜூன் 8

சொல்லிவிட்டேன்.

விகாரையின் தலைமைப் பிக்கு, நாயக்க தேரர், என்னை வரச்சொன்னார். எண்பதை நெருங்குகிறவர். மடத்தில் தமிழ் படித்தவராம், அதனால் புத்தகம் போலப் பேசுவார். "தாங்கள் கூறுவதே முடிவு. ஊரார் கூறுவது விருப்பம். இரண்டையும் நான் குழப்பிக்கொள்ள மாட்டேன்" என்றார்.

இத்தனை மழைக்கும் இத்தனை வெள்ளத்துக்கும் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. வெடிப்பு பழையது, கல் தன் இடத்தில் அமர்ந்துவிட்டது. யானை தனியாக, மெதுவாகப் போகட்டும். மேளக்காரர் அந்த நேரம் பாலத்தில் ஏற வேண்டாம். இதைத்தான் சொன்னேன். தேரர் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே வந்தபோது திலகசிறி முதலாளி இரண்டு கையையும் கூப்பினார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

இன்றிரவு நன்றாக நித்திரை வரும்.

ஜூன் 9

பியசீலி அம்மா பாற்சோறு கொண்டுவந்து தந்தார். கட்டாச்சம்பலோடு. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

ஜூன் 12

 நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

காலையில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். பியசீலி அம்மா கதவடியில் வந்து நின்றார்.

"அனே நோனா, அந்த வெள்ளப் பவுடர் முடிஞ்சிருச்சி. போறதுக்கு முன்னுக்கு இன்னுங் கொஞ்சம் குடுத்துட்டுப் போங்க."

"எதுக்கு அம்மா?"

"கண்ணாடி ஒட்டத்தான். இன்னைக்கும் ஒண்ணு ஒடஞ்சிருச்சி."

நான் கட்டிலில் இருந்துவிட்டேன். அவர் தன்பாட்டில் சொல்லிக்கொண்டே போனார்.

"சனங்க வெறுங்காலோட வராங்க தானே நோனா. பூ வைக்க அந்த எடத்துலதான் நிக்கிறாங்க. புள்ளகுட்டிங்க கால்ல குத்தினா பாவம். அதான் வெள்ளன கூட்ட வரப்ப ஒடஞ்சத எடுத்துட்டுப் புதுசு ஒட்டிர்றது. மருதை ஒட்டினத பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். நோனாட வேல கெட்டுறக் கூடாதுன்னு அதே மாதிரியே ஒட்டுவேன். சரியாத்தானே இருந்திச்சி?"

"சரியாத்தான் இருந்தது" என்றேன்.  நாடி பார்க்கிறேன் என்று பகிடியாகச் சொல்லிவிட்டு விட்டவள் நான்தானே. உடைந்தால்தான் அது வேலை செய்கிறது என்று இவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

"உடைந்ததெல்லாம் எங்கே?"

தன் அறையிலிருந்து ஒரு பால்மா டின்னைக் கொண்டுவந்தார். ஆற்றில் போட்டால் குளிக்கிறவர்கள் காலில் குத்தும், அரசமரத்தடியில் புதைத்தால் பாவம், எங்கே கொட்டுவது என்று தெரியாமல் சேர்த்து வைத்திருக்கிறார். மூடியை மூட முடியவில்லை. அவ்வளவு கண்ணாடி.

மழைக்குள் ஓடினேன். உத்தரத்தின்மேல் இன்று உடைந்ததை அவர் இன்னும் எடுக்கவில்லை. நடுவால் இரண்டாகி, இரண்டு துண்டுக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தது. இந்த மாதம் முழுக்கக் கல் விரிந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் அதன்மேல் யானையை ஏறச் சொல்லியிருக்கிறேன்.  கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே அவன் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தூக்கிக்கொண்டிருந்தான்.

பின்னேரம் தானசாலையில் குழு கூடியது. யானை ஏறக்கூடாது என்றேன். என் கணிப்புப் பிழைத்துவிட்டது என்றேன். எப்படிப் பிழைத்தது என்று கேட்டார்கள். பிழைத்துவிட்டது என்று மட்டும் திரும்பச் சொன்னேன். திலகசிறி முதலாளி எழும்பினார். "அன்றைக்கு ஏறலாம் என்றீர்கள். பந்தல் போட்டாகிவிட்டது. ஊரெல்லாம் அறிவித்தாகிவிட்டது. இப்போது ஏறக்கூடாதா? உங்களுக்கு எங்கள் பெரஹெர விளையாட்டா?" பின்னால் நின்றவர்கள் அதற்கு மேலும் சொன்னார்கள். அதை எழுதவில்லை.

வாசலடியில் நின்ற பியசீலி அம்மா முன்னால் வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தேரரை மூன்று தரம் விழுந்து கும்பிட்டுவிட்டு, கண்ணாடியை மாற்றியது நான்தான், நோனாவில் பிழை இல்லை என்று சிங்களத்தில் சொன்னார். டின்னையும் தரையில் வைத்தார்.

 முதலாளி டின்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். அவரும் நாள் தவறாமல் வெறுங்காலோடு அந்த இடத்தில் நின்று பூ வைக்கிறவர்தான். அப்படியே திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

பேழையை யானைமேல் ஏற்றிவிட்டால் விகாரைக்குள் போகும்வரை இறக்கக்கூடாது, அதுதான் இங்கே சட்டம். தேரர் என் பக்கம் திரும்பினார். "அப்படியாயின் ஏற்றாமலே வருவோம். பாலத்தில் நான் சுமந்து நடக்கிறேன். யானை வெள்ளம் வடிந்த ஆற்றால் வரட்டும். அக்கரையில் அது என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளட்டும். தாங்கள் கூறுங்கள், என் பாரத்தைப் பாலம் தாங்குமா?"

தாங்கும் என்றேன். அழுகை வந்துவிட்டது. பியசீலி அம்மாவும் அழுதார். இரண்டு பேரும் வேறு வேறு காரணத்துக்காக.

அறைக்கு வந்தேன். டின்னையும் என்னிடமே தந்துவிட்டார்கள். மேசையில் வைத்துவிட்டு மச்சாளுக்குப் போன் எடுத்தேன்.

"இப்பதான் கண்ணயர்ந்தவர்" என்றார் மச்சாள்.

டின்னைப் பார்த்தபடி அதைக் கேட்டேன். வந்த நாளிலிருந்து இதே சொல். ஒவ்வொரு நாளும் புதிதாக, ஒரு கீறலும் இல்லாமல்.

"எழுப்புங்கோ மச்சாள்."

"பாவமடி, படுக்கட்டும்."

"எழுப்பத் தேவையில்லை. போனை அவற்ற மூச்சுக்குக் கிட்ட வையுங்கோ. கேட்டிட்டு வைக்கிறன்."

 அந்தப் பக்கம் சில்லு உருளும் சத்தம் மட்டும். பிறகு மச்சாள் விம்மத் தொடங்கினார். நான் வெளிக்கிட்ட இரண்டாம் நாளே நெஞ்சுநோவோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதாம். அன்றிலிருந்து அங்கேதானாம். இவர்தானாம் சொல்லவேண்டாம் என்றது. "மூண்டு வருசமா அவள் நிம்மதியாப் படுக்கேல்லை. உந்த வேலை முடியுமட்டும் படுக்கட்டும் எண்டவர். நான் என்ன செய்ய மலர்?"

போனை வைத்துவிட்டேன். மச்சாளில் கோபம். இவரில் அதைவிடக் கோபம். சில்லுச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தொலைக்காட்சி என்று எழுதி வைத்தவளில் எல்லாவற்றையும்விட.

எனக்கும் கேட்க விருப்பமில்லைத்தான்.

ஜூன் 13

வெளிக்கிடுகிறேன். தேரரிடம் சொன்னேன். மருதையைப் பாலத்தடியில் நிறுத்தி, கயிறு கட்டி, சனத்தை வெடிப்புக்குக் கிட்ட விடாதே என்று சொல்லியிருக்கிறேன். "நீங்க போங்க மேடம், ஒரு எறும்பு கூட ஏறாது" என்றான். நாளைக்கு இவனே முதல் ஆளாய் ஏறி நின்று விளக்கம் சொல்வான், எனக்குத் தெரியும். பியசீலி அம்மா நூல் ஓதிக் கையில் கட்டிவிட்டார். கட்டும்போது, இனிமேல் உடைந்தால் உடைந்தபடியே விட்டு, பக்கத்தில் ஒரு கல்லை வைத்துச் சனத்தை விலக்கிவிடுகிறேன் என்றார்.

ஜூன் 14

ஆஸ்பத்திரி. கட்டிலடியில் இருந்து எழுதுகிறேன்.

விடிந்ததும் வந்து சேர்ந்தேன். மச்சாள் என்னைக் கண்டதும் முகத்தை மூடிக்கொண்டார். அவரை வீட்டுக்கு அனுப்பினேன். இவர் அரைவாசியாகிவிட்டார். கையில் ஊசி. கண்ணைத் திறந்து பார்த்தவர் முதலில் சிரித்தார்.

"ஏன் வந்தனீர்? எனக்கு ஒண்டுமில்லை."

 பியசீலி அம்மாவின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். விளக்குமாறு, வெறுங்கால், பால்மா டின் எல்லாம். இவர் நன்றாகச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க இருமினார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

மத்தியானத்துக்குப் பிறகும் திரும்பவில்லை. மோரைக் குடியுங்கோ என்றேன், வேண்டாம் என்றார்.

மாலையில் மருதை போன் எடுத்தான். பின்னால் மேளச் சத்தம் காதைப் பிளந்தது. தேரர் பேழையைத் தலையில் வைத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடந்தாராம். ஊரே கரையில் நின்றதாம். யானை ஆற்றில் இறங்கி, நடு ஆற்றில் நின்று, ஆற அமரத் தண்ணீர் குடித்ததாம். பாகன் கெஞ்சியும் அசையவில்லையாம். தேரர் அக்கரையில் பேழையோடு காத்து நின்றாராம். "பேழையே யானைக்கு வெயிட் பண்ணிச்சுங்க மேடம்! மொதலாளிக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. பாலம் நிக்குதுங்க. நான் ஏறிப் பாக்கல. கொஞ்சமாத்தான் ஏறிப் பாத்தேன்."

போனை வைத்தேன். இவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"பாலம் என்னவாம்?"

"நிக்குதாம். ஆனால் வெடிப்புப் பெருசு. உத்தரத்தைக் கழட்டித்தான் பாக்கவேணும்."

"ம்."

வார்ட்டில் விளக்குப் போட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்குச் சோறு வந்தது. இவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். கையைத் தூக்கி நெஞ்சில் ஓர் இடத்தில் வைத்தார்.

"மலர், இதில நோகுது. போன கிழமையிலிருந்து நோகுது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

எழும்பிப் போய்த் தாதியைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.